தகரச் சீட்டிலிருந்து மின்னணு விசா வரை

திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாள் தெற்கு நோக்கி இலங்கையைப் பார்த்தபடி இருக்கிறார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வீடணன் சுமந்து சென்ற விமானம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிலைத்துவிட்டது; கடல் கடந்து வர இயலாத இறைவன் பார்வையையாவது அந்தத் திசையில் செலுத்துகிறார் என்பது தலபுராணம். அந்தத் தெற்குத் திசையில், திருச்சிராப்பள்ளி நகரின் மறுபக்கத்தில், இன்று பன்னாட்டு விமான நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்குப் புறப்படும் விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்று சேர்ந்துவிடுகிறது.

இலங்கைக்குச் சுற்றுலா செல்ல விரும்பும் ஒருவர் இப்பொழுது எந்தத் தூதரகத்தின் வாசலிலும் வரிசையில் நிற்பதில்லை. வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ ஒரு படிவத்தை நிரப்புகிறார். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அனுமதி எண் ஒன்று மின்னஞ்சலில் வந்து சேருகிறது. இதனையே மின்னணுப் பயண அனுமதி என்றும், வேறு சில நாடுகளில் மின்னணு விசா என்றும் அழைக்கிறார்கள். கணிப்பொறி யுகத்தின் புத்தம் புதிய ஏற்பாடு என்றே நம்மில் பலரும் இதனைக் கருதுகிறோம்.

கருவி புதியது, ஐயமில்லை. ஆனால் இதன் உள்ளே இருக்கும் கருத்து பழையது. பயணி புறப்படும் முன்பே அவரைப் பதிவு செய்து, அவருக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் காட்டியவரை மட்டும் கடல் கடக்க விடும் முறை நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே திருச்சியை மையமாகக் கொண்டு நடந்தது. அந்தப் பழைய கதையை அறிந்துகொண்டால், இன்று நீங்கள் படிவம் நிரப்பும்போது எதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

வாசலில் கேட்பதா, புறப்படுமுன் கேட்பதா?

ஒரு நாட்டுக்குள் நுழைய வரும் அயலாரைச் சோதிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அந்த நாட்டின் வாசல். அதாவது துறைமுகம் அல்லது விமான நிலையம். மற்றொன்று பயணி புறப்படும் ஊர். வாசலில் வைத்துச் சோதித்தால் தகுதியில்லாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? அதுவரை அவரை எங்கே தங்க வைப்பது? அவருக்கு ஒரு தொற்றுநோய் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விகள் எல்லாம் எழும். புறப்படும் இடத்திலேயே சோதித்துவிட்டால் இவற்றுள் பெரும்பாலானவை எழுவதில்லை.

எனவே அரசுகள் எப்பொழுதும் சோதனையைத் தம் வாசலிலிருந்து பயணியின் ஊருக்குத் தள்ளிவிடவே விரும்புகின்றன. தூதரக விசா அந்த விருப்பத்தின் ஒரு வடிவம். மின்னணு விசா அதன் அண்மைய வடிவம். இவ்விரண்டுக்கும் முற்பட்ட வடிவம் ஒன்று நம் மாவட்டங்களிலேயே இருந்தது.

திருச்சியில் ஓர் அலுவலகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களை உண்டாக்கினார்கள். காப்பிப் பயிர் இலைநோயால் அழிந்த பிறகு அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இந்தத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் சென்றார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. தொடக்க காலத்தில் அவர்கள் ஊரிலிருந்து கடற்கரைக்கு நடந்து, படகில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காடு வழியாக மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் வழியிலேயே மாண்டவர் மிகப் பலர்.

அந்நாளில் இலங்கை செல்ல நம்மவர்க்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. விசா என்ற சொல்லையே எவரும் அறியார். கங்காணி ஒருவர் ஊருக்கு வருவார். உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டுவார். முன்பணம் கொடுப்பார். கூட்டம் அவர் பின்னே புறப்படும். வழிச்செலவு முழுவதும் கடனாக எழுதப்படும். தோட்டத்தை அடைந்த நாளிலேயே தொழிலாளி கடனாளியாக இருப்பார்.

தோட்ட முதலாளிகளுக்கோ வேறு கவலை இருந்தது. தாம் கொடுத்த முன்பணத்துக்கு ஆள் வந்து சேர வேண்டும். வழியில் வேறு தோட்டக்காரர் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. இந்தக் கவலையின் விளைவாக 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் என்ற அமைப்பு திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. அதன் கிளைகள் தமிழ் மாவட்டங்களில் பரவின. திருச்சியைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஆள் திரட்டும் மாவட்டங்களுக்கு அது நடுநாயகமாக இருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான் இருந்தது.

தகரச் சீட்டு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘டின் டிக்கெட்’ முறையை இங்கே கவனிக்க வேண்டும். தகரச் சீட்டு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அது காகிதம் அன்று. உலோகத்தில் செய்த சிறு வில்லை. அதில் ஓர் எழுத்தும் எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்து எந்தத் தோட்டப் பகுதி என்பதைக் குறித்தது. ஓர் எண் எந்தத் தோட்டம் என்பதையும் மற்றோர் எண் அந்தத் தோட்டத்துக்குச் செல்லும் ஆட்களில் இவர் எத்தனையாவது என்பதையும் குறித்தன. தோட்டத்திலிருந்து ஆள் திரட்ட வரும் கங்காணி இந்த வில்லைகளைக் கொண்டுவந்து, தாம் சேர்த்த ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுப்பார்.

அந்த வில்லையைக் காட்டினால் முகாமில் உணவு கிடைக்கும். கப்பலிலும் ரயிலிலும் இடம் கிடைக்கும். தொழிலாளி கையிலிருந்து காசு தர வேண்டியதில்லை. செலவு முழுவதும் வில்லையில் கண்ட எண்ணுக்கு உரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோரை, தொலைபேசியும் கணிப்பொறியும் இல்லாத காலத்தில், ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் விசாரிக்காமலே, திருச்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நுவரெலியா மலைச்சரிவு வரை பிசகாமல் கொண்டு சேர்க்க இந்தச் சிறு உலோகத் துண்டு போதுமானதாயிற்று. தகவல் ஒழுங்கமைப்பு என்ற அளவில் பார்த்தால் அது திறமையான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த வில்லை என்ன சொன்னது என்பதோடு, என்ன சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். ‘இவர் இன்ன தோட்டத்தின் ஆள்’ என்று அது சொன்னது. ‘இவர் இன்னார்’ என்று சொல்லவில்லை. பெயர் இல்லை, தந்தை பெயர் இல்லை, ஊர் இல்லை. அவை எங்கேனும் எழுதப்பட்டிருந்தால் அலுவலகங்களின் பதிவேடுகளிலும் தோட்டத்தின் பேரேட்டிலுமே எழுதப்பட்டிருந்தன. பயணியின் கையில் ஓர் எண் மட்டுமே இருந்தது. அந்த எண்ணும் தோட்டத்துக்கு உரியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது பல இலட்சம் பேரின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது.

இந்திய மண்ணில் இலங்கையின் வாசல்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. நோய் இலங்கைக்குப் பரவாமல் தடுக்க அந்நாட்டு அரசு விரும்பியது. அதற்காகத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் அமைக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. அதனையொட்டி மண்டபத்தில் பெரிய முகாம் உருவாயிற்று. ரயில் நிலையத்துக்கே மண்டபம் காம்ப் என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்த முகாமின் சிறப்பு என்னவென்றால், இடம் இந்தியாவில் இருந்தது. நடத்தியதோ இலங்கை அரசு. தோட்டத்துக்குச் செல்வோர் இங்கே சில நாட்கள் தங்க வைக்கப்பட்டனர். நோய்க்கூறு உண்டா என்று மருத்துவர் பார்த்தார். அம்மை குத்தினார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். தேறியவர் மட்டுமே கப்பலேறினர். இலங்கையின் வாசல் தலைமன்னாரிலிருந்து நகர்ந்து இராமநாதபுரம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது என்று சொல்லலாம். இன்று அதே வாசல் இன்னும் நகர்ந்து உங்கள் கைப்பேசித் திரைக்கே வந்திருக்கிறது.

பின்னர் நிலைமை ஓரளவு சீரடைந்தது. கடன் கணக்கை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டைக் காட்டித் தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு கைமாற்றும் வழக்கம் 1921இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும், இலங்கையின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் கடனாக ஏற்றுவதை நிறுத்தின. 1939 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. திருச்சியை மையமாகக் கொண்டு ஆள் திரட்டிய காலம் அத்துடன் முடிந்தது.

கடவுச்சீட்டும் விசாவும்

இதற்கிடையே உலகெங்கும் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1914இல் முதல் உலகப்போர் மூளும் வரை ஐரோப்பாவின் பல நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டு இல்லாமலே மக்கள் போய்வந்தனர். போரின்போது ஒற்றர் அச்சத்தால் எல்லைகள் இறுகின. போர் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1920இல் நாடுகளின் சங்கம் பாரிசில் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது.

எனினும் இந்தியாவும் இலங்கையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தமையால், பாக் நீரிணையைக் கடக்க நெடுங்காலம் வரை அவை தேவைப்படவில்லை. சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் திருச்சி வழியாகத் தனுஷ்கோடி சென்று, கப்பல் மாறி, மறுபுறம் கொழும்பு ரயிலைப் பிடித்தார். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதன் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நீரிணையைக் கடப்பது குற்றமாயிற்று. சிலருக்கு அது ஒரு புதிய படிவம்; மலைநாட்டுத் தமிழர்க்கோ அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

சீட்டு இருந்தது, சான்று இல்லை

1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர் இருந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. 1949இல் வந்த மற்றொரு சட்டம் ஒரு வழியைத் திறந்தது. திருமணமானவர் 7 ஆண்டுகளும், ஆகாதவர் 10 ஆண்டுகளும், 1946 சனவரி முதல் நாளுக்கு முன்பே இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை கோரலாம் என்றது.

மெய்ப்பிப்பது எவ்வாறு? தகரச் சீட்டோடு வந்தவர் கையில் தம் பெயருள்ள காகிதம் ஏது? தோட்டப் பேரேட்டில் ஒரு ‘இராமசாமி’ இருப்பார். அவர் இவர்தாமா என்று யார் சொல்வது? ஊர்த் திருவிழாவுக்கும் தாய் தந்தையர் சாவுக்கும் வந்துபோன மாதங்கள் ‘இடையறாத வாழ்வு’ என்பதைக் குலைக்குமா? ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1,34,000 பேர். சட்டத்தை இயற்றியோரின் அரசியல் நோக்கமே இதற்கு முதற்காரணம். ஆயினும் அந்த நோக்கத்துக்குக் கருவியாக அமைந்தது சான்றுக் காகிதத்தின் இன்மை.

1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது கூறியது. 1974இல் அந்த எஞ்சியோர் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். தேயிலைச் செடிகளுக்கு இடையே பிறந்து வளர்ந்தவர்கள், இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்று, தம் பாட்டன் புறப்பட்ட கரைக்கு வந்து இறங்கினார்கள். ஒரு காலத்தில் போவோரைச் சோதித்த மண்டபம் முகாமே இப்பொழுது வருவோரை ஏற்கும் முகாமாயிற்று. திருச்சி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கொட்டப்பட்டு முகாமும் தாயகம் திரும்பியோரையும், பின்னர் போரிலிருந்து தப்பி வந்த இலங்கைத் தமிழரையும் ஏற்றது. இலங்கையிலேயே தங்கிவிட்ட நாடற்றோர்க்கு முழுமையாக வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான்.

கணிப்பொறி படிக்கும் இரண்டு வரிகள்

இனி இக்காலத்துக்கு வருவோம். கடவுச்சீட்டை மனிதர் மட்டுமே படித்த வரையில் விசா காகிதத்தில்தான் இருக்க முடியும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 1980இல், பொறியால் படிக்கத்தக்க கடவுச்சீட்டுக்கு விதிமுறைகளை வெளியிட்டது. உங்கள் கடவுச்சீட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். வரிக்கு 44 குறிகளாக இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாடும் பெயரும் உள்ளன. இரண்டாம் வரியில் கடவுச்சீட்டு எண், குடியுரிமை, பிறந்த நாள், பாலினம், காலாவதி நாள் ஆகியன உள்ளன. வெற்றிடங்களை அம்புத்தலை போன்ற குறி நிரப்புகிறது.

இவ்வரிகளில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கடவுச்சீட்டு எண்ணை அடுத்தும், பிறந்த நாளை அடுத்தும், காலாவதி நாளை அடுத்தும் ஒவ்வோர் இலக்கம் கூடுதலாக இருக்கும். இதற்குச் சோதனை இலக்கம் என்று பெயர். பொறி தவறாகப் படித்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அது உதவுகிறது. கணக்கு எளியது, தாளும் எழுதுகோலும் எடுத்து நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒருவர் 1985 சூன் 15இல் பிறந்தார் எனக் கொள்வோம். பொறி வரியில் அது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 850615 என்று அமையும். இந்த ஆறு இலக்கங்களையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். கிடைப்பவை 56, 15, 0, 42, 3, 5. இவற்றின் கூட்டுத்தொகை 121. இதனை 10ஆல் வகுத்தால் மீதி 1. அதுவே சோதனை இலக்கம். எழுத்துகள் வரும் இடங்களில் முதலெழுத்தாகிய ‘ஏ’க்கு 10, ‘பி’க்கு 11 என்று தொடங்கி, கடைசி எழுத்தாகிய ‘இசட்’டுக்கு 35 என்று மதிப்புக் கொடுத்து இவ்வாறே கணக்கிடுவர்.

முதல் இரு இலக்கங்கள் இடம் மாறி 580615 என்று ஆகிவிட்டால்? கூட்டுத்தொகை 109 ஆகும், மீதி 9. வரியில் அச்சிட்டிருப்பதோ 1. பொறி உடனே பிழை என்று சொல்லிவிடும். ஆயினும் இந்த முறை எல்லாப் பிழைகளையும் பிடிப்பதில்லை. நடுவிலுள்ள 6உம் 1உம் இடம் மாறி 850165 என்றானால் கூட்டுத்தொகை 101. மீதி மீண்டும் 1. வேறுபாடு 5 ஆக உள்ள இரண்டு இலக்கங்கள் அடுத்தடுத்து இடம் மாறினால் இக்கணக்கு ஏமாந்துவிடும். நல்லவேளையாக, மாதத்தில் 65ஆம் நாள் கிடையாது; நாட்காட்டி அந்தப் பிழையைப் பிடித்துவிடும். ஒரு சோதனை தவறவிட்டதை இன்னொரு சோதனை பிடிக்க வேண்டும் என்பதே பொறியியலில் என்றும் பயன்படும் பாடம்.

பொறி படிக்கும் கடவுச்சீட்டும், நாடுகளையும் விமானக் குழுமங்களையும் இணைக்கும் கணிப்பொறி வலையும் சேர்ந்தபோது மின்னணு அனுமதி இயல்வதாயிற்று. ஆத்திரேலியா 1996இல் இம்முறையைத் தொடங்கியது. இலங்கை 2012 சனவரி முதல் நாள் தன் மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. இந்தியா 2014 நவம்பர் 27இல் 43 நாட்டினருக்கு, 9 விமான நிலையங்களில் இவ்வசதியை அளித்தது. 2015 ஆகஸ்டில் மேலும் ஏழு விமான நிலையங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அன்றுமுதல் அரங்கநாதரைக் காண விரும்பும் அயல்நாட்டவர், மின்னணு அனுமதியோடு திருச்சியிலேயே நேராக வந்திறங்க முடிகிறது.

நீங்கள் விமான நிலையத்தை அடைந்ததும் முதலில் அனுமதியைப் பார்ப்பவர் அரசு அலுவலர் அல்லர். விமானக் குழுமத்தின் ஊழியர். ஏனெனில் நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமானக் குழுமத்தைச் சேர்ந்தது. அன்று தகரச் சீட்டின் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. இன்று தவறான பயணியின் செலவு விமானக் குழுமத்தின் கணக்கில் ஏறுகிறது. சோதனையைப் புறப்படும் ஊருக்குத் தள்ளுகிற விசை இரண்டிலும் ஒன்றே.

படிவம் நிரப்பும் உங்களுக்கு

மேலே கண்ட சோதனை இலக்கம் கடவுச்சீட்டைப் படிக்கும் பொறிக்குத்தான் காவல். விசாப் படிவத்தில் நீங்களே கடவுச்சீட்டு எண்ணைத் தட்டெழுதும்போது பொதுவாக அந்த இலக்கத்தை யாரும் கேட்பதில்லை. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டால் உங்கள் பணத்தில், இல்லாத ஒரு கடவுச்சீட்டுக்கு அனுமதி கிடைத்திருக்கும். பிழை வெளிப்படும் இடம் விமான நிலையம். அதுவும் பெட்டிகளோடு நீங்கள் நிற்கும் வேளை. எனவே எண்ணையும் நாட்களையும் ஒருமுறை முன்னிருந்தும் ஒருமுறை பின்னிருந்தும் படித்துச் சரிபாருங்கள்.

தமிழர்களாகிய நமக்குப் பெயரிலும் ஓர் இடர் உண்டு. குடும்பப்பெயர் என்பது நம்மில் பலருக்கு இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்து மட்டுமே உண்டு. படிவமோ குடும்பப்பெயரைக் கேட்கும். ஆறுமுகம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘ஜி’ போடுவாரும் உண்டு, ‘கே’ போடுவாரும் உண்டு. எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. கடவுச்சீட்டில் எந்தப் பகுதியில் எவ்வாறு அச்சிடப்பட்டிருக்கிறதோ, அவ்வாறே படிவத்திலும் பயணச்சீட்டிலும் இருக்க வேண்டும். பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன, அதையும் பாருங்கள். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுவன. அந்நாட்டு அரசின் அதிகாரபூர்வமான தளத்தையே நாடுங்கள். அதைப் போலவே தோற்றங்காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் போலித் தளங்களும் உண்டு. மின்னணு அனுமதி என்பது விமானம் ஏறுவதற்கான இசைவே. நுழைவைப் பற்றிய இறுதி முடிவு அங்குள்ள குடிவரவு அலுவலருடையது என்பதையும் மறவாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அனுமதி வந்ததும் அதனை அச்சிட்டு ஒரு படி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகும் எறிந்துவிடாதீர்கள். கணிப்பொறியில்தான் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். தோட்டப் பேரேட்டிலும் எல்லாம் இருந்தது. அந்தப் பேரேடு தொழிலாளியினுடையது அன்று. இந்தக் கணிப்பொறியும் உங்களுடையது அன்று.

அடுத்த முறை திருவரங்கத்தின் தெற்கு இராசகோபுரத்தைக் கடக்கும்போது, பெருமாளின் பார்வை செல்லும் திசையில் ஒரு கணம் நின்று பாருங்கள். அந்த வழியாக உலோக வில்லையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலர், இன்று மலைநாட்டிலிருந்து மின்னணு அனுமதி பெற்று இதே கோயிலுக்கு வழிபட வருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள கடவுச்சீட்டில் அவரவர் பெயரும், பிறந்த இடமும், முகமும் பதிந்திருக்கின்றன. எண்ணாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் பெயரோடு திரும்பி வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.